சுரண்டிப் பார்த்தால்

கத்தி முனையால் ஒரே ஒரு கீறல்.
செம்பென்றால் உள்ளேயும் சிவந்திருக்கும்.
இது வெளுக்கிறது.
அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம்.
பழைய பெசி எடுக்க வரும் லோரிக்காரன்
தராசில்கூட வைக்க மாட்டான்.

சிலிம் ரிவர் ரயில் நிலையத்துக்குப் பின்வரிசை,
மூன்றாவது கடை.
பலகையில் என் கணவர் பெயர்.
மோட்டார் சுற்றுவது நான்.

சனிக்கிழமை தர்மசீலன் வந்தார்,
வீட்டு முகப்புக்குத் தகரக் கூரை போடுகிறவர்.
அரிசிச் சாக்கில் இரண்டு டிரில்.
ஒன்று பேட்டரி. வாங்கிப் பதினான்கு மாதம்.
உத்தரவாதம் பன்னிரண்டு.
இன்னொன்று முழு இரும்பு;
தோட்டத்து ஆலையை மூடியபோது
ஏலத்தில் முப்பது வெள்ளிக்கு எடுத்தாராம்.
"அம்பது வருசம் ஓடியிருக்கு, பார்த்தீங்களா" என்றார்,
தாமே வார்த்து எடுத்ததைப் போல.

இரும்பை முதலில் திறந்தேன்.
ஆறு திருகு, ஆறும் ஒரே அளவு,
கேட்டதும் எழுந்து வந்தன.
உள்ளே எஃகுப் பல்சக்கரம்,
பேரீச்சம்பழமாய்க் கறுத்த கிரீஸ்,
விரல்கணு நீளத்துக்குக் கார்பன்.
ஒப்புக்கொள்கிறேன், வாயில் எச்சில் ஊறியது.

மற்றதில் திருகு நான்கு, பேருக்கு.
மீதி பசை.
உளி வைத்துத்தான் பிளந்தேன்.
நைலான் சக்கரத்தில் மூன்று பல் இல்லை,
விழுந்தால் முளைக்காத பாற்பல்.

"அப்பல்லாம் செஞ்சான்" என்று தொடங்கினார்.
நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி சுற்றிய வயர். உள்ளே இரண்டே கம்பி.
உடம்பெல்லாம் இரும்பு,
மின்சாரம் மண்ணுக்கு இறங்க வழியில்லை.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வருகிறேன்.
இரண்டாவது டிவிஷன் புகைக்கூடத்தில்
தரை கழுவிய ஈரம் காயவில்லை.
இருதயம் அண்ணன் கதவுச் சட்டத்தில்
துளை போட்டுக்கொண்டிருந்தார்.
அவர் அதைப் பிடித்திருந்தாரா,
அது அவரைப் பிடித்திருந்ததா,
கட்டையால் தட்டிவிட்ட பிறகும்
யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.
ஆபீஸ் கிராணி எழுதிய அறிக்கையில்
கடைசி வரி: இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது.
உண்மைதான்.
திங்கட்கிழமை அது மறுபடி வேலைக்குப் போனது.

இதே வகை. இதே நிறம்.
அதேதானா என்று
அடியில் பொறித்த எண்ணை நான் தேடவில்லை.

நடுவில் ஒரு காலம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.
பிளாஸ்டிக் உடம்பு, எஃகுப் பல்,
சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட தகடு:
ஷாக் அடிக்காது என்று பொருள்.
தொண்ணூற்று நான்கில் வாங்கியது ஒன்று
என் மேசை அடியில் இருக்கிறது.
யாருக்கும் இரவல் கிடையாது.
பிறகு எவரோ எங்கோ கணக்குப் போட்டார்கள்,
ஒரு வீட்டுக்காரர் ஆயுள் முழுக்க
எத்தனை துளை போடுவார் என்று.
அதற்கு மேல் ஒரு துளைக்கும்
உழைக்காதபடி செய்தார்கள்.

பாசார் மாலாமில் வாங்கியதை நானும் வைத்திருந்தேன்.
வலது தோளைத் தூக்க முடியாத வருடம்,
இடக்கை ஒன்றால், ஏணி மேல் நின்று,
ஒழுகுகிற கூரைக்கடியில் கொக்கி மாட்டினேன்.
சிலிப்பர் முழுக்கத் தண்ணீர்.
ஒன்றும் ஆகவில்லை.
அடுத்த மாதம் அது செத்தது. வாய்நிறையத் திட்டினேன்.
திட்டுவதற்கு நான் இருந்தேன்.

"எதைச் செய்யலாம்?" என்றார் தர்மசீலன்.
பேட்டரியை விட்டுவிடுங்கள் என்றேன்,
சக்கரம் தனியாக விற்பதில்லை,
புது மாடலுக்குப் பேட்டரியின் வாயே வேறு.
பிறகு குறடை எடுத்து
இரும்பின் வயரை அடியோடு வெட்டினேன்.
அவர் முகம் சுருங்கியது.

மூன்று கம்பி போட்டுத் தருகிறேன், நாற்பது வெள்ளி.
அதற்கு முன் வீட்டுக்குப் போய்,
இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காக
சுவரில் மேல் ஓட்டைக்குள்
நீங்கள் குத்திக் குத்தித் திறந்த பேனா
முனை ஒடிந்து உள்ளே கிடக்கிறதா, பாருங்கள்.